ஏழாம் கேள்வி

வெருலம் கிளை அலுவலகம். ஜூலை.
கரும்புக்குத் தீ வைக்கும் மாதம்.
எத்தனை சாத்தினாலும் கறுப்புச் சாம்பல்
எப்படியோ உள்ளே வந்து
விசைப்பலகையில் உட்கார்ந்துகொள்கிறது.
ஊதினால் போகாது, தொட்டால் மையாகும்.

மேசைமேல் பூபாலன் முருவனின் இழப்பீட்டுப் படிவம்.
டோங்காட், படுக்கையறை ஒன்று.
சேதம்: திரைச்சீலை, அலமாரி,
புடவை பதினாறு, தையல் மெஷின்.
கேள்வி ஏழு:
நீங்கள் பார்த்தபோது தீ எந்த நிலையில் இருந்தது?
பெரிசு, என்று எழுதுவார்கள். ரொம்ப மோசம்.
ஒருவர் 'கடவுளே' என்று மட்டும் எழுதியிருந்தார்,
பணம் கொடுத்தோம்.
பூபாலன் எழுதியிருந்ததும் ஒரே சொல்தான்:
லாம்பெண்ட்.

ஆள் பஸ் டிரைவர்.
மானேஜர் ம்கீஸே தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.
"லாம்ப் என்று தொடங்குகிறதே,
விளக்கு ஏதும் கவிழ்ந்ததா?"

அகராதி சொன்னது:
நக்குவது என்ற லத்தீன் வேர்.
சுடாமல் மேலோடு ஓடும் சுடருக்கு ஆகும்.
அப்புறம் கவிதை எழுதுகிறவர்கள் தூக்கிக்கொண்டு போய்
நெற்றியில் விழும் நிலவுக்கு வைத்தார்கள்,
சிரிப்பதற்கு ஒரு நொடி முந்தைய கண்ணுக்கு,
யாரையும் பொசுக்காமல்
சபையைச் சுற்றி வரும் கேலிக்கு.
காப்பீட்டுப் படிவத்தில் வைத்தவர்
எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்.

தமிழில் வைத்துப் பார்த்தேன்.
தீ நக்கியது: உடனே ஒரு நாய், ஒரு தட்டு.
தீ வருடியது: கை முளைத்து நாக்கு போய்விடுகிறது.
தீநாக்கு நம்மிடம் எப்போதோ உண்டு,
ஆனால் பசித்த நாக்கு அது.
ஈன்ற ஈரம் காயும்வரை
கன்றைத் துவட்டுமே பசு,
அந்த நாக்கு தீக்கு இருந்தால்
என்று எழுதி முடிப்பதற்குள்
கட்டத்தைத் தாண்டி மூன்று வரி போயிருந்தது.

எங்கள் தொழிலில் தீ இரண்டே வகை.
அடுப்பில், கற்பூரத் தட்டில்,
இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தால் நட்புத் தீ.
தாண்டினால் பகைத் தீ.
பகைக்குத்தான் பணம்.
அனுமதிச் சீட்டோடு எரியும் கரும்பு நட்பு,
அதன் பொறி ஒன்று துணிக்கொடிக்கு வந்தால் பகை.
நடுவில் ஒரு கட்டம்
யாரும் அச்சடிக்கவில்லை.

நேரில் போனேன்.
அலமாரிக் கண்ணாடி விண்டிருந்தது.
தையல் மெஷின் மட்டும் வெந்து நின்றது,
ஊசியில் நூலில்லாமல்.
"யார் புடவைகள்?"
"கமலாட்சி. பிப்ரவரியில் ஜோஹானஸ்பர்க் போனாள்."
வருவாரா என்ற கேள்வி படிவத்தில் இல்லை.
"இந்தச் சொல் எங்கே கிடைத்தது உங்களுக்கு?"
"பஸ்ஸில் விட்டுப்போன பேப்பர், மேடம். குறுக்கெழுத்து.
ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. அவள்தான் கண்டுபிடித்தாள்."

பிறகு அவராகவே,
ஜன்னலைப் பார்த்தபடி:
"பொறி முதலில் சீலையில்தான் பிடித்தது.
பக்கெட் கதவுக்குப் பின்னால் இருந்தது, தண்ணீரோடு.
மஞ்சள் புடவைக்கு வந்தபோது
கரையோரமாகவே போயிற்று,
அவள் தையல் போட்ட வழியாக.
எரிக்கிறமாதிரி இல்லை, மேடம்.
தேடுகிறமாதிரி இருந்தது."

எட்டாம் கேள்வி: அணைக்க எடுத்துக்கொண்ட நேரம்.
அவர் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை.
கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்போல் இருந்தது.
தேநீர் வேண்டாம் என்று எழுந்துகொண்டேன்.

"பகையா, நட்பா?" என்றார் ம்கீஸே,
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.
பகை, என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.

போடுவதற்கு முன்னால்
புடவை பதினாறு என்றிருந்ததை
நான் பதினைந்து ஆக்கியிருந்தேன்.
மஞ்சளுக்கு நாங்கள் பணம் தருவதற்கில்லை.